காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் டிரைவ்-இன் தியேட்டரில், முன்னால் நிற்கும் கார் திரையை மறைக்காதா?

மறைக்காது. இதற்கான யோசனைக்குத்தான் காப்புரிமையே கொடுத்தார்கள்!

அமெரிக்காவின் நியூ ஜெர்சியைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட், வீட்டு மரங்களில் திரையைக் கட்டி, காரின் மேல் புரொஜெக்டரை வைத்துச் சோதித்துப் பார்த்தார். மழை பெய்தால் படம் தெரியுமா என்று பார்க்க, தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் கருவியைக் கண்ணாடி மேல் திருப்பிவிட்டாராம்! கடைசியில் தரையை மேடு மேடாக அமைத்தார். முன்சக்கரம் மேட்டில் ஏறி நிற்பதால் காரின் மூக்கு தூக்கியிருக்கும். முன்வரிசைக் காருக்கு மேலாகப் பார்வை போகும். கேம்டன் அருகே 1933 ஜூன் 6 அன்று முதல் தியேட்டர் திறந்தது.

சத்தம்தான் பெரிய தலைவலி. திரைக்குப் பக்கத்திலிருந்த பெரிய ஸ்பீக்கர்களின் ஒலி பின்வரிசைக்குத் தாமதமாகப் போகும்; அக்கம்பக்கத்தாருக்கோ தூக்கம் போகும். 1940-களில் கார் ஜன்னலில் மாட்டும் குட்டி ஸ்பீக்கர் வந்தது. அதைக் கழற்ற மறந்து, வயரோடு பிய்த்துக்கொண்டு கிளம்பியவர்களும் உண்டு. அப்புறம் படத்தின் ஒலியைக் காரின் எஃப்.எம். ரேடியோவிலேயே கேட்கும் வசதி வந்து அந்தத் தொல்லையைத் தீர்த்தது.

1949-இல் நீதிமன்றம் காப்புரிமை செல்லாது என்றது. பிறகென்ன, 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 4,000 தியேட்டர்கள்! நியூ ஜெர்சியிலேயே 1948-இல் ஒருவர் சிறு விமானங்களில் வந்திறங்கிப் படம் பார்க்கவும் இடம் ஒதுக்கினார்.