அமெரிக்க மக்காச்சோள விவசாயிகள் எத்தனாலுக்காக ஏன் இவ்வளவு குரல் கொடுக்கிறார்கள்?

எத்தனால் வேறொன்றுமில்லை, சாராயம்தான். மக்காச்சோள மாவை நொதிக்க வைத்துக் காய்ச்சி எடுத்து பெட்ரோலில் கலக்கிறார்கள். அமெரிக்காவில் விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் இருக்கும்.

அங்கே விளையும் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எத்தனால் ஆலைக்குத்தான் போகிறது. மல்லிகை விலை விழும்போது செண்ட் ஆலை பூவை வாங்கிக்கொள்வதுபோல, இந்த ஆலைகள் விளைச்சலை வாங்கி விலை சரியாமல் பார்த்துக்கொள்கின்றன. ஒரு வித்தியாசம்: அமெரிக்காவில் அந்தத் தேவையைப் பெருமளவு உருவாக்கியதே சட்டம். பெட்ரோலில் இவ்வளவு உயிரி எரிபொருள் கலந்தாக வேண்டும் என்று 2005இல் சட்டம் வந்தது, 2007இல் அளவை உயர்த்தினார்கள். சட்டம் தந்த சந்தையைச் சட்டமே பறிக்கவும் முடியும் அல்லவா? அதனால்தான் விவசாயிகள் வாஷிங்டனுக்கு நடையாய் நடக்கிறார்கள். 15 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலைக் கோடையிலும் தடையின்றி விற்க வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் கோரிக்கை. கோடையில் இந்தக் கலவை அதிகம் ஆவியாகிப் புகைமூட்டத்தைக் கூட்டும் என்பதால்தான் கட்டுப்பாடு வந்தது. அப்புறம் பயிர்க் காப்பீட்டு மானியம், ஏற்றுமதி என்று பட்டியல் நீளும். மக்காச்சோளம் அதிகம் விளையும் அயோவா போன்ற மாநிலங்களில் எந்தக் கட்சிக்காரரும் எத்தனாலை எதிர்த்துப் பேசத் தயங்குவார்.

"சாப்பிடும் சோளத்தை அப்படியே எரித்துவிடுகிறார்கள்" என்பது முழு உண்மை இல்லை: அது பெரும்பாலும் தீவன ரகம், நாம் அவித்துத் தின்னும் இனிப்புச் சோளம் அல்ல, மாவுச்சத்து போக மிஞ்சும் சக்கை, எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, மாட்டுத் தீவனமாகத் திரும்பி வருகிறது.