உயிர்ப்படலம்: மலை ஆய்வகங்களிலிருந்து வந்த கேள்விகள்

நீலகிரியில் நுண்ணுயிரியல் பயில்வோரும் பயிற்றுவிப்போரும் அனுப்பிய கேள்விகளுக்கு, உதகையில் பல ஆண்டுகள் ஆய்வகப் பயிற்சி அளித்தவன் என்ற முறையில் என் பதில்கள்.

குன்னூர் மாணவி: ஐயா, ஓடைக் கல்லில் வழுக்கும் பூச்சும் உயிர்ப்படலமும் ஒன்றுதானா?

ஒன்றுதான். ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு கூட்டமாக வாழும் நுண்ணுயிர்களின் படலமே உயிர்ப்படலம். கல்லில் பாசியும் பல இன பாக்டீரியாக்களும் கலந்து வாழ்கின்றன. ஆய்வகத்தில் பெரும்பாலும் ஓரினத்தை மட்டும் வளர்க்கிறோம். செல்களே சுரக்கும் சர்க்கரைப் பொருளும் புரதமும், வெளியே கிடக்கும் டிஎன்ஏவும் சேர்ந்த கூழ்தான் அவற்றைப் பிணைத்து வைக்கிறது.

உதகை முதுநிலை மாணவர்: 96 சிறு குழிகள் கொண்ட தட்டில், ஒட்டிய படலத்தின் அளவை ஊதாச் சாயத்தால் அறியும் கிரிஸ்டல் வயலட் சோதனை செய்கிறேன். ஒரே பாக்டீரியா வளர்ப்பை இட்ட எட்டுக் குழிகளிலும் எட்டு விதமான அளவு வருகிறதே, ஏன்?

சாயத்தைச் சந்தேகிக்கும் முன் கழுவும் முறையைப் பாருங்கள். பிப்பெட்டால் நீரைப் பீய்ச்சினால் படலம் ஒரு குழியில் பிய்ந்து போகும், அடுத்ததில் ஒட்டியே இருக்கும். ஆகவே வளர்ப்பைக் கிருமிநாசினித் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, தட்டை நீரில் மெல்ல அமிழ்த்தி எடுப்பதே நல்லது. அதன்பின் 0.1 சதவீதச் சாயத்தை 10 முதல் 15 நிமிடம் வைத்து, மறுபடி கழுவி, முழுவதும் உலர்த்தி, 30 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரைத்து 550 நானோமீட்டர் ஒளியில் நிறத்தின் அடர்த்தியை அளக்க வேண்டும். ஓரக் குழிகள் விரைவில் ஆவியாவதால் அவற்றில் வெறும் நீரை நிரப்பிவிடுங்கள். பாக்டீரியா இடாமல் ஊடகம் (வளர்ப்புக்கான சத்துக் கரைசல்) மட்டும் உள்ள குழிகளும் ஒப்பீட்டுக்கு வேண்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சாயம் உயிருள்ள செல், செத்த செல், கூழ் ஆகிய மூன்றையும் பிடிக்கும். மருந்து இட்ட பின்னும் நிறம் குறையவில்லை என்பதை வைத்து, மருந்து கொல்லவில்லை என்று எழுதுவது தவறு. நான் திருத்திய அறிக்கைகளில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உயிருள்ளவற்றை அறிய, படலத்தைப் பெயர்த்துக் கலைத்து, உறைந்த அகார் ஊடகத் தட்டில் பரப்பி, எழும் காலனிகளை (செல்கள் பெருகி உண்டாக்கும் புள்ளிகளை) எண்ண வேண்டும்.

உதகைக் கல்லூரி ஆசிரியை: நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் 15 நிமிடம் வைத்தும், எதுவும் இடாத ஊடகம் கலங்கிவிடுகிறது.

உள்ளிருக்கும் காற்றை முழுவதும் வெளியேற்றியிருந்தால், அடுத்து ஐயப்பட வேண்டியது நம் ஊரின் உயரத்தை. அழுத்தமானி காட்டுவது சுற்றியுள்ள காற்றழுத்தத்துக்கு மேலான அளவை மட்டுமே. கடல்மட்டத்தில் 15 பவுண்டு என்றால் 121 டிகிரி செல்சியஸ். ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில், முள் அதே இடத்தில் நின்றாலும் சுமார் 117 டிகிரிதான் கிடைக்கும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாமல் நம்மைச் சோதிப்பதும் இந்தக் காற்றழுத்தக் குறைவால்தான். 18 முதல் 19 பவுண்டு தேவைப்படும். கருவி அதைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் குறிப்பு சொன்னால் மட்டும் ஏற்றுங்கள், இல்லையேல் நேரத்தை நீட்டி, பாக்டீரிய வித்துகள் பூசிய பட்டையை உள்ளே வைத்து, அவை செத்தனவா என்று சரிபாருங்கள்.

கூடலூர் மாணவர்: எதிர்ப்பு மரபணு இல்லாத பாக்டீரியா, படலத்துக்குள் மருந்தைத் தாங்குவது எப்படி?

உட்பகுதியில் உணவும் ஆக்சிஜனும் குறைவதால் செல்கள் வளர்ச்சியைக் குறைத்துக்கொள்கின்றன. பெனிசிலின் போன்றவையோ வளரும் செல்லையே கொல்லும். அதே செல்களைப் பெயர்த்துப் புதிய ஊடகத்தில் வளர்த்தால், மருந்து மறுபடி வேலை செய்யும்.

கோத்தகிரி ஆசிரியர்: மாணவர்கள் தொடங்க எந்த இனம் ஏற்றது?

பாசில்லஸ் சப்டிலிஸ். சூடோமோனாஸ் ஏருஜினோசா நூல்களில் அடிக்கடி வந்தாலும், நோயுண்டாக்கக்கூடியது என்பதால் முதல் பயிற்சிக்கு வேண்டாம். பாசில்லஸ் சப்டிலிஸிலும், ஆய்வகங்களில் நெடுங்காலம் வளர்த்துப் பழக்கிய 168 என்ற வகை செழிப்பான படலம் தராது. 3610 வகையைக் கேட்டு வாங்குங்கள். 30 டிகிரியில் சில நாள்களில் ஊடகத்தின் மேல் பாலாடை போலச் சுருக்கம் விழுந்த படலம் தோன்றும். சனவரிக் குளிரில் மேசைமேல் வைத்துக் காத்திருக்காதீர்கள், இன்குபேட்டர் வேண்டும். பார்க்கும் ஆவலில் குடுவையை ஆட்டினால் ஆடை கிழிந்து மூழ்கிவிடும்.