பம்பாய் பிளேக்கும் ஒரு பழைய சட்டமும்

கேள்வி: கொரோனா சமயத்தில் 1897-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைக் கையில் எடுத்தார்களே, அது எதற்காக வந்த சட்டம்? அதனால் அன்றைய மக்களுக்கு நன்மை கிடைத்ததா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அது தொற்றுநோய்ச் சட்டம்; பம்பாய் பிளேக்குக்காக அவசர அவசரமாக வந்தது. 1896 செப்டம்பரில், துறைமுகத்தை ஒட்டிக் கிடங்குகள் நிறைந்திருந்த மாண்ட்வியில், மருத்துவர் அகாசியோ வீகாஸ் பிளேக்கைக் கண்டறிந்தார். ஜனங்கள் கூட்டம் கூட்டமாக ரயிலேறினார்கள். 1897 பிப்ரவரியில் சட்டம் வந்துவிட்டது.

மொத்தம் நாலே பிரிவுகள். எனக்குக் கோபம் வருவது நாலாவதில்தான். ‘நல்லெண்ணத்தோடு’ செய்த எதற்காகவும் அதிகாரிகள்மேல் வழக்குப் போட முடியாது என்கிறது அது. இந்தச் சட்டத்தின் பலத்தில்தான் புனேயில் சிப்பாய்கள் வீடு வீடாக நுழைந்தார்கள். அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று பார்த்தார்கள், பெண்களையும் விடவில்லை. சந்தேகம் வந்தால் முகாமுக்கு இழுத்துப் போனார்கள். பயந்துபோன ஜனங்கள் நோயாளியை ஒளித்துவைத்தார்கள். ஜூன் 22 இரவு பிளேக் அதிகாரி ராண்டைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். இத்தனைக்கும் நோயைப் பரப்புவது எலியின் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சி என்று பால் லூயி சிமோன் கராச்சியில் கண்டது 1898-இல்தான்!

அதே புனேக்குப் பக்கத்தில், பெண்கல்விக்குப் பாடுபட்ட சாவித்திரிபாய் புலே என்ன செய்தார் தெரியுமா? மருத்துவரான வளர்ப்பு மகன் யஷ்வந்தோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். முண்ட்வா சேரியில் பிளேக் கண்ட ஒரு சிறுவனைத் தன் முதுகிலேயே சுமந்து மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். தொற்று அவரையும் பிடித்தது. 1897 மார்ச் 10 அன்று இறந்தார். அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இவரையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: நோயால் நகரங்களே மாறிவிடும் என்கிறார்களே, நிஜமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: நிஜம்தான். அதே பம்பாயையே எடுத்துக்கொள்ளுங்கள். 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைத்து, நாக்பாடா போன்ற நெரிசலான இடங்களை இடித்தார்கள். அகலமான சாலைகள் வந்தன. அப்புறம் வடக்கே தாதர், மாட்டுங்காவில் மனை பிரித்தார்கள்; நம்மூரிலிருந்து போன குமாஸ்தா குடும்பங்கள் பல குடியேறிய மாட்டுங்கா அதுதான். ஆனால் வீடு இடிபட்ட கூலிக்காரர்களுக்கு அந்த வாடகை கட்டுப்படியாகவில்லை. இடிக்காமல் விட்ட பக்கத்துச் ‘சால்’ எனும் ஒற்றையறை வாடகைக் குடியிருப்புகளிலேயே இன்னும் நெருக்கியடித்துக்கொண்டு குடியிருந்தார்கள்.