தோட்டத்துக்குள் ஒரு பெயர், வெளியே வேறு கதை: டிஎன்எஸ் கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து, டிஎன்எஸ் (இணையப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் அமைப்பு) பற்றி வந்த கேள்விகள்.

அண்ணே, ஆபீஸில் செம்பனை நிறுவைக் கணக்கு ஓடும் கம்ப்யூட்டருக்கு 'கணக்கு.தோட்டம்' என்று பெயர் வைத்தோம். ஆபீஸ் வைஃபையில் திறக்கிறது, போன் டேட்டாவில் திறக்கவில்லை.

அந்தப் பெயர் உங்கள் ரவுட்டருக்கு மட்டும்தான் தெரியும், தம்பி. போன் டேட்டாவில் கேள்வி டெலிகாம் டிஎன்எஸ்ஸுக்குப் போகும். இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் ரூட் பட்டியலில், அதாவது பெயர் முடிவுகளின் தலைமைப் பட்டியலில், '.தோட்டம்' இல்லை. அதனால் "இப்படி ஒரு பெயரே இல்லை" என்று பதில் வரும்.

மாற்று ரூட்டில் (ஐகானுக்கு வெளியே வேறு சிலர் நடத்தும் பட்டியலில்) பதிந்தால் ஊரே பார்க்குமா?

பார்க்காது. 2000-இல் தொடங்கிய ஓப்பன்நிக் என்ற மாற்று ரூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சர்வர்கள் தங்கள் சொந்தப் பெயர்களுக்கும் பொதுப் பெயர்களுக்கும் பதில் சொல்லும். ஆனால் அந்த சர்வரைப் போனில் போட்டவருக்குத்தான் அது வேலை செய்யும். அதைப் போட்டவர்கள் நம் பொதுப் பெயர்களையும் பார்ப்பார்கள், போடாத நாம் அவர்கள் பெயர்களைப் பார்க்க மாட்டோம். பெயர் மோதலும் உண்டு. 2001-இல் ஐகான் '.பிஸ்' கொண்டுவந்தபோது மாற்று ரூட் ஒன்றில் அதே பெயர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ஒரே முகவரி, இரண்டு சொந்தக்காரர்கள். யார் வீட்டுக் கடிதம் யாருக்குப் போகும்?

அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளில் '.தோட்டம்' கேள்விகளை மட்டும் எங்கள் சர்வருக்குத் திருப்பினேன். அப்போதும் பிழை வருகிறது.

டிஎன்எஸ்செக் (பதில் உண்மையா என்று டிஜிட்டல் கையெழுத்தால் சரிபார்க்கும் முறை) போட்டிருப்பீர்கள். 2010 முதல் பொது ரூட் கையெழுத்திடப்பட்டது, '.தோட்டம்' இல்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி தருகிறது. அதனால் உங்கள் சர்வரின் பதிலை அன்பவுண்ட் போலி என்று தள்ளிவிடும். அந்தப் பெயருக்கு 'டொமைன்-இன்செக்யூர்' வரி ஒன்று சேர்த்தால் சரியாகும்.

தமிழ் டீச்சர் கேட்கிறேன்: பொது ரூட்டில் தமிழ் முடிவே கிடையாதா?

இருக்கிறதே டீச்சர்: '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்'. மலேசியாவுக்கு இருப்பது ஜாவி எழுத்தில் (மலாய் எழுதும் அரபு எழுத்து). நமக்கு ஒன்று வந்தால் எனக்கும் சந்தோஷம்தான்.

அப்போது நாங்கள் என்னதான் செய்வது?

பொதுப் பெயர் ஒன்றை வாங்கி, அதன் கீழே ஆபீஸுக்கு ஒரு கிளை வையுங்கள். வெளியிலிருந்து வர வயர்கார்டு என்ற விபிஎன் போதும். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் இணையப் பாதுகாப்புச் சான்றிதழும் டிஎன்எஸ் வழியாக வாங்கலாம். காசு செலவழிக்க மனமில்லையென்றால் '.இன்டர்னல்' வையுங்கள், ஐகான் 2024-இல் அதைத் தனியார் பயன்பாட்டுக்கென்றே ஒதுக்கிவிட்டது. பொதுச் சான்றிதழ் மட்டும் அதற்குக் கிடைக்காது.

ஒரு மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) போனில் மட்டும் ஆபீஸ் வைஃபையிலேயே திறக்கவில்லை.

ஆண்ட்ராய்டா? செட்டிங்கில் 'பிரைவேட் டிஎன்எஸ்' பாருங்கள். அங்கே வேறு சர்வர் பெயர் இருந்தால் போன் உங்கள் ரவுட்டரைக் கேட்பதேயில்லை. 'ஆட்டோமேட்டிக்' ஆக்கிவிட்டு வைஃபையை ஒருமுறை மூடித் திறக்கச் சொல்லுங்கள்.