லேப்டாப்பில் ‘நெட்வொர்க் இணைக்கப்பட்டது’, ‘துண்டிக்கப்பட்டது’ என்று ஓயாமல் வரும் பாப்-அப்பை நிறுத்துவது எப்படி?

“ஓரமாக வந்துவிட்டுப் போகிறது, கண்டுகொள்ளாமல் விடுங்கள்” என்று உங்களுக்கு யாராவது ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். எனக்குப் பார்வை கிடையாது. என்விடிஏ என்ற திரைவாசிப்பான் படித்துச் சொல்வதைக் கேட்டுத்தான் வேலை செய்கிறேன். கண்ணுக்கு ஓரம் உண்டு, காதுக்கு ஏது?

என் வேலை மெய்ப்பு பார்ப்பது. சந்தேகம் வந்த சொல்லில் ணகரமா னகரமா என்று ஒவ்வோர் எழுத்தாக நகர்த்திக் கேட்பேன். அந்த நேரத்தில் “வைஃபை கனெக்டட்” என்று நடுவில் புகுந்தால், எந்த எழுத்தில் நின்றேன் என்பதே போய்விடும். மறுபடி அந்தச் சொல்லின் தலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நீங்கள் வைத்திருப்பது விண்டோஸ் 11 என்று எடுத்துக்கொள்கிறேன். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ். அறிவிப்பு அனுப்பும் செயலிகளின் பட்டியல் கீழே இருக்கும். தொல்லை கொடுப்பதைத் திறந்து பேனரையும் (திரையில் எட்டிப்பார்க்கும் அறிவிப்புப் பெட்டி) ஒலியையும் மட்டும் அணைத்தால் போதும். அறிவிப்பு மையத்தில் சத்தமில்லாமல் சேர்ந்துகொள்ளும், வேண்டும்போது விண்டோஸ் விசையோடு N எழுத்தை அழுத்திப் பார்த்துக்கொள்ளலாம். திரைவாசிப்பான் வைத்திருப்பவர்கள் என்விடிஏ அமைப்புகளில் ஆப்ஜெக்ட் பிரசன்டேஷன் பகுதிக்குப் போய் ‘ரிப்போர்ட் நோட்டிஃபிகேஷன்ஸ்’ குறியையும் எடுக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் மற்ற அறிவிப்புகளையும் அது வாசிக்காது. அதனால் நான் அதைத் தொடவில்லை.

இவ்வளவு செய்தும் எனக்கு நிற்கவில்லை. காரணம், அது விண்டோஸ் அனுப்பியதே இல்லை. லேப்டாப் தயாரிப்பாளர் முன்கூட்டியே போட்டு அனுப்பிய ஒரு நெட்வொர்க் செயலி, தானே ஒரு பெட்டியைத் திறந்துகொண்டிருந்தது. விண்டோஸ் பட்டியலில் அதன் பெயரே கிடையாது. அதைவிடக் கொடுமை, அந்தப் பெட்டி ஃபோகஸைப் பறித்துக்கொள்ளும். நான் கோப்பில் தட்டும் எழுத்தெல்லாம் அதற்குள் போகும். பெட்டியின் தலைப்பைத் திரைவாசிப்பான் வாசித்ததால்தான் ஆளைப் பிடிக்க முடிந்தது.

சரி, செயலிக்குள்ளேயே அணைக்கலாம் என்று அமைப்புகளைத் திறந்தேன். “பட்டன். பட்டன். பட்டன்.” ஒன்றுக்கும் பெயரிடவில்லை. எது அறிவிப்பை அணைக்கும், எது வைஃபையையே அணைக்கும் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்கிறேன்: ஒரு பட்டனுக்குப் பெயர் கொடுக்கப் பெரும்பாலும் ஒரு வரி நிரல் போதும். அதைக்கூடச் செய்யாமல் ஒரு பொருளை விற்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

கடைசியில் செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் போய் அந்தச் செயலியையே நீக்கினேன். வைஃபை வழக்கம்போல வேலை செய்கிறது, ஏனென்றால் அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் வேறு, இந்தச் செயலி வேறு. நீங்களும் நீக்குவதாக இருந்தால் டிரைவர் என்று பெயருள்ள எதிலும் கை வைக்காதீர்கள்.

“அறிவிப்பை அணைத்தால் நெட் போனது எப்படித் தெரியும்?” என்று கேட்க வருபவர்களுக்கு: டாஸ்க்பாரில் ஐகான் இருக்கவே இருக்கிறது. என்னைப் போன்றவர்கள் விண்டோஸ் விசையோடு B எழுத்தை அழுத்தி, அம்புக்குறியால் நெட்வொர்க் ஐகானுக்குப் போனால் நிலையை வாசித்துவிடும். தேவைப்படும்போது நானே கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இணைப்பு போய்ப் போய் வந்தால் பாப்-அப்பை மட்டும் அணைத்துப் பயனில்லை. டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் பிராப்பர்டீஸ், பவர் மேனேஜ்மென்ட் போங்கள். மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்று கணினிக்கு அனுமதி தரும் குறி இருக்கும். அதை எடுத்துப் பாருங்கள். சில லேப்டாப்புகளில் அந்தப் பகுதியே இருக்காது. அப்படியென்றாலும், குறியை எடுத்தும் நிற்கவில்லை என்றாலும், அடுத்து டிரைவரையும் ரவுட்டரையும் கவனியுங்கள்.