ரிலே ஏன் இழுக்கவில்லை?

கேள்வி: தண்ணீர்த் தாங்கி நிரம்பியதும் மோட்டர் தானாக நிற்பதற்கு ஆர்டுயினோ என்ற சிறு நிரல் பலகையில் ஒரு சுற்று செய்தேன். அவுட்புட் பின்னில் இருந்து 1 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக பிசி547 ட்ரான்சிஸ்டரின் பேஸுக்கு, அதாவது அதைக் கட்டுப்படுத்தும் காலுக்குக் கொடுத்தேன். மற்ற இரு கால்களில் கலெக்டர் 12 வோல்ட்டில் இருக்கிறது. ரிலே (சுருளில் மின்சாரம் ஓடினால் இழுக்கும் சுவிட்ச்) சுருளை மூன்றாவது காலான எமிட்டருக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் போட்டேன். ரிலே இழுக்கவில்லை, சுருளில் 4.3 வோல்ட்தான் காட்டுகிறது. ட்ரான்சிஸ்டர் பழுதா?
– உயர்தர மாணவன், நிலாவெளி

பதில்: ட்ரான்சிஸ்டர் நல்லது தம்பி, எறிந்துவிடாதீர்கள். சுருளில் அளந்து பார்த்தீர்களே, அந்த 4.3 எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. பேஸுக்கு வருவது 5 வோல்ட். எமிட்டர் அதைவிட ஏறக்குறைய 0.7 குறைவாகத்தான் நிற்கும். மேலே 12 கொடுத்தாலும் 24 கொடுத்தாலும் சுருளுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். மிச்ச 7.7 வோல்ட்டையும் ட்ரான்சிஸ்டர் சுமக்கிறது. பாதி திறந்த இந்த நிலையில் அது சுவிட்ச் இல்லை. தொட்டால் இளஞ்சூடு தெரியும்.

எமிட்டரை நேரே கிரவுண்டில் வையுங்கள். ரிலேயை 12 வோல்ட்டுக்கும் கலெக்டருக்கும் நடுவில் மாற்றுங்கள். சுருள் 400 ஓம் என்றால் 30 மில்லிஅம்பியர் எடுக்கும். பிசி547இன் உச்சம் 100 மில்லிஅம்பியர், ஆகவே பயமில்லை. பெருக்கம், அதாவது பேஸ் மின்னோட்டத்தைப்போல் எத்தனை மடங்கு கலெக்டரில் ஓடும் என்பது, நூறுக்கு மேல் என்று படித்திருப்பீர்கள், அந்தக் கணக்கில் பேஸுக்கு 0.3 மில்லிஅம்பியர் போதும். சுவிட்ச் வேலைக்கு அதை நம்பவே கூடாது. சுருள் எடுப்பதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3 மில்லிஅம்பியர் கொடுங்கள். உங்கள் 1 கிலோஓம் 4.3 மில்லிஅம்பியர் விடுகிறது, அது அப்படியே இருக்கட்டும். இப்போது கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவில் 0.2 வோல்ட் அளவில்தான் காட்டும், சூடும் இராது.

டயோட் (மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் பாகம்) பற்றி நீங்கள் எழுதவே இல்லை. சுருளை நிறுத்தும் நொடியில் அது எதிர்த்து உதைக்கிற வோல்ட் பிசி547 தாங்கும் 45ஐ எளிதில் தாண்டும். ஒரு 1என்4007 டயோடைச் சுருளுக்குக் குறுக்கே, கோடு போட்ட முனை 12 வோல்ட் பக்கம் இருக்கும்படி போடுங்கள். இதை நாளைக்கு என்று தள்ளிவைக்க வேண்டாம்.

அப்புறம், நிலாவெளியில் உப்புக்காற்று செம்பைச் சீக்கிரம் பச்சை பிடிக்க வைக்கும். பலகையை மூடிய பெட்டிக்குள் வையுங்கள். மோட்டர் கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். சின்ன ரிலேயின் முனைகள் ஒட்டிப்போகும். ரிலே ஒரு கொன்டாக்டரை (பெரிய மின்னோட்டம் தாங்கும் பெரிய ரிலேயை) இயக்கட்டும், கொன்டாக்டர் மோட்டரை இயக்கட்டும். அந்த 230 வோல்ட் வயரிங்கை மட்டும் எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு செய்வியுங்கள்.