கண்ணால் ஆடு மேய்க்கும் நாயோடு குடித்தனம்: பார்டர் கோலி கேள்வி பதில்

பார்டர் கோலி வளர்ப்பவர்களும் வளர்க்க நினைப்பவர்களும் கேட்டதில், நாயின் குணம் பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. 20 வருடமாக இந்த இனத்தோடு குடித்தனம் நடத்துகிறவள். முதல் நாய் 14 வயதில் போய்விட்டது. இப்போது நீலிக்கு 13 வயது, முத்துவுக்கு 4.

கேள்வி: புத்திசாலி நாய்களில் முதலிடம் இதற்குத்தான் என்கிறார்கள். எனக்கு இதுதான் முதல் நாய். சீக்கிரம் கற்றுக்கொள்ளும் என்றால் வளர்ப்பதும் சுலபம்தானே மேடம்?

பதில்: பலரும் இப்படி நினைத்துத்தான் வாங்குகிறார்கள், ஒரு வருடத்தில் வேறு வீடு தேடுகிறார்கள். அந்த முதலிடத்தின் கதையைச் சொல்கிறேன். 1994இல் ஸ்டான்லி கோரன் என்ற உளவியல் பேராசிரியர், வட அமெரிக்காவில் நாய்களின் கீழ்ப்படிதல் போட்டிகளுக்கு நடுவர்களாக இருந்த சுமார் 200 பேரிடம் கேட்டு ஒரு வரிசை வெளியிட்டார். பார்டர் கோலி முதலில், அடுத்து பூடில், மூன்றாவது ஜெர்மன் ஷெப்பர்ட். மேல்வரிசை இனங்கள் புதுக் கட்டளையை ஐந்து தடவைக்குள் பிடித்துக்கொள்ளும், 100க்கு 95 தடவை முதல் சொல்லிலேயே கேட்கும் என்பது கணக்கு.

அந்த ஐந்து தடவை, வேண்டாததைக் கற்றுக்கொள்ளவும் போதும் என்பதுதான் சிக்கல். நீலி சின்னவளாக இருந்தபோது, நான் போனில் பேசும் நேரமாகப் பார்த்து ஒற்றைச் செருப்பைத் தூக்கிக்கொண்டு எதிரில் வந்து நிற்பாள். நான் எழுந்து துரத்துவேன். இரண்டே நாளில் அது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. அதை மறக்கடிக்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

1022 பொம்மைகளின் பெயர் தெரிந்த சேசர் என்ற பார்டர் கோலியைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அதை வளர்த்த ஜான் பில்லி ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர். மூன்று வருடம், தினமும் நாலைந்து மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். நாயைவிட அவருடைய பொறுமைதான் எனக்கு ஆச்சரியம். உங்களுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. ஆனால் பகல் முழுக்க வீடு பூட்டிக்கிடக்கும் என்றால் வேறு இனத்தைப் பாருங்கள்.

கேள்வி: அக்கா, நேற்று என் மனைவியும் நானும் கொஞ்சம் சத்தமாகப் பேசிக்கொண்டோம். நாயை ஒன்றுமே சொல்லவில்லை. அது கட்டிலுக்கு அடியில் போய் ராத்திரி வரை வெளியே வரவில்லை. இவ்வளவு தொட்டாற்சிணுங்கியாகவா இருக்கும்?

பதில்: இருக்கும் தம்பி. தொட்டாற்சிணுங்கிக்காவது தொட்டால்தான் சுருங்கத் தெரியும், இது தொடுவதற்கு முன்பே சுருங்கிவிடும்.

இது குறையும் இல்லை, செல்லம் கொடுத்துக் கெட்டதும் இல்லை. இந்த நாயை உருவாக்கிய வேலை அப்படி. மேய்ப்பர் ஒரு குன்றின் அடியில் நிற்பார், நாய் நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளி மந்தைக்குப் பின்னால் இருக்கும். சீட்டியில் ஒரு சின்ன ஏற்ற இறக்கம் வந்தால் நாய் திசை மாற வேண்டும். ஓர் ஆடு காதை அசைத்தாலே அது எந்தப் பக்கம் பிய்த்துக்கொண்டு ஓடப்போகிறது என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். இப்படி நுணுக்கமாகக் கவனிக்கும் நாய்களையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இனம் பெருக்கினார்கள். அதே நாயை வீட்டுக்குள் கொண்டுவந்தால் மந்தைக்குப் பதில் அது உங்களைக் கவனிக்கிறது. கதவைச் சாத்தும் வேகம், சாவியை வைக்கும் சத்தம் எல்லாம் அதற்குச் செய்திதான். அதன் புத்திசாலித்தனத்தையும் பயந்த சுபாவத்தையும் தனித்தனியாகப் பிரிக்கவே முடியாது.

அதனால் கண்டிக்கும்போது குரலை உயர்த்தாதீர்கள். செய்யக்கூடாததைச் செய்தால் பெயரைச் சொல்லி நிறுத்தி, செய்ய வேண்டியதைக் காட்டி, செய்ததும் பாராட்டுங்கள். தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, காதைப் பின்னால் மடிப்பது, இதெல்லாம் தெரிந்தால் அதற்குத் தாங்கவில்லை என்று அர்த்தம். அந்த இடத்தில் பயிற்சியை நிறுத்திவிட வேண்டும்.

இன்னொன்று. ‘தப்புச் செய்தது அதற்கே தெரிகிறது, முகத்தைப் பாருங்கள்’ என்று பலர் சொல்கிறார்கள். அலெக்சாண்டிரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009இல் இதைச் சோதித்துப் பார்த்தார். தப்பே செய்யாத நாயும், திட்டினால் அதே ‘குற்றவாளி’ முகத்தைக் காட்டியது. அந்த முகம் காட்டுவது உங்கள் கோபத்தை. தன் குற்றத்தை இல்லை.

கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்காதீர்கள். நீங்கள் இருவரும் சிரித்துப் பேசினால் அதுவே வரும்.

கேள்வி: காலையில் ஒரு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் பந்து எறிகிறேன். வீட்டுக்கு வந்தும் பந்தை மடியில் வைத்து முறைக்கிறது. இன்னும் எவ்வளவு ஓட வைத்தால் களைப்படையும்?

பதில்: களைப்படையாது. ஒரு விளையாட்டு வீரனைத் தயார் செய்துகொண்டிருக்கிறீர்கள். உடம்பு பழகப் பழக நாலு மணி நேரம் கேட்கும், பிறகு ஐந்து.

இந்த இனத்துக்கு ஓடச் சொல்லித்தர வேண்டியதே இல்லை, சும்மா இருக்கத்தான் சொல்லித்தர வேண்டும். மந்தையில் வேலை செய்யும் நாயைப் பார்த்தால், முழு நாளும் ஓடிக்கொண்டிருக்காது. கொஞ்ச நேரம் வேலை, அப்புறம் வேலிக்கு ஓரமாகப் படுத்துக் காத்திருக்கும். வேலை முடிந்ததும் மேய்ப்பர் ஆங்கிலத்தில் ‘தட்’ல் டூ’ (That'll do) என்பார். ‘போதும், விடு’ என்று அர்த்தம். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஆட்டை விட்டுத் திரும்பி வந்துவிட வேண்டும். வீட்டில் வளரும் கோலிகளுக்கு இந்தச் சொல்லை மட்டும் யாரும் சொல்லித்தருவதில்லை.

எங்கள் வீட்டில் ‘போதும்’ என்ற சொல்லையே வைத்திருக்கிறோம். சொல்லிவிட்டு, இரண்டு கையையும் விரித்துக் காட்டுவேன். அதன் பிறகு எவ்வளவு முறைத்தாலும் பந்து கிடையாது. ஒரு தடவை மனம் இளகி எறிந்தீர்கள் என்றால், ‘போதும்’ என்றால் ‘இன்னும் கொஞ்சம் கெஞ்சு’ என்று கற்றுக்கொள்ளும். பந்து நேரத்தைப் பத்து நிமிடமாகக் குறையுங்கள். மீதி நேரம் கயிற்றைத் தளர்த்திப் பிடித்து, அது நினைத்த இடத்தில் நின்று முகர விடுங்கள். இரை உருண்டைகளைப் புல்லில் தூவித் தேட வையுங்கள். இருபது நிமிடம் மூக்கால் வேலை செய்த பிறகு முத்து போட்ட இடத்தில் தூங்குகிறான்.

தூக்கத்தையும் கணக்கில் எடுங்கள். வளர்ந்த நாய்க்கு ஒரு நாளில் 12 முதல் 14 மணி நேரம் தேவை, குட்டிக்கு 18 மணி நேரமோ அதற்கு மேலோ. ‘அடங்கவே மாட்டேன் என்கிறது’ என்று என்னிடம் வரும் குட்டிகளில் பாதி, தூக்கம் போதாத குட்டிகள்தான்.

கேள்வி: என் பிள்ளைகள் ஓடி விளையாடினால் குதிகாலைக் கவ்வுகிறது. ரத்தம் வரவில்லை, ஆனால் பயமாக இருக்கிறது. கடிக்கும் நாயாக மாறிவிடுமா?

பதில்: உங்கள் பிள்ளைகளை மேய்க்கிறது. ஓநாய் வேட்டையாடும் வரிசையை நினைத்துப் பாருங்கள்: தேடும், கண் வைக்கும், பதுங்கி நெருங்கும், துரத்தும், கவ்வும், கொல்லும். மேய்க்கும் நாய்களில் கண் வைப்பதையும் பதுங்குவதையும் துரத்துவதையும் வளர்த்துவிட்டு, கடைசிப் பகுதியை மங்கவைத்துவிட்டார்கள். மங்கியதே தவிர, அழியவில்லை. அதனால் கோபம் இல்லை என்று சிரித்துக்கொண்டு விட்டுவிடவும் கூடாது.

பிள்ளைகள் ஓடி ஆடும் நேரத்தில் நாய் தடுப்புக் கதவுக்கு அந்தப் பக்கம், மென்று தின்ன ஏதாவது கொடுத்து. அது துரத்த ஆரம்பித்தால் ஓடாமல் மரம் மாதிரி நிற்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். அசையாத ஆட்டில் அதற்கு ருசி இல்லை. சின்னக் குழந்தையையும் நாயையும் பெரியவர் இல்லாமல் தனியாக விடவே வேண்டாம். கவ்வுவதில் அழுத்தம் கூடினாலோ, உறுமினாலோ நடத்தை தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: ஓடும் வண்டிகளைத் துரத்துகிறது. எப்படி நிறுத்துவது?

பதில்: சாலையில் கயிற்றைக் கழற்றாதீர்கள். எவ்வளவு பழகிய நாயாக இருந்தாலும் சரி. வண்டி தூரத்தில் வரும்போதே, அது கண் வைத்துக் குனிவதற்கு முன், உங்கள் பக்கம் திரும்பினால் தின்பண்டம் கொடுங்கள். குனிந்த பிறகு கூப்பிட்டால் காதில் விழாது.

கேள்வி: ஒரு கண் நீலமாக, உடம்பில் சாம்பல் புள்ளிகளோடு இருக்கும் குட்டி அதிகப் புத்திசாலியா?

பதில்: கண் கோலிக்குண்டு மாதிரி இருக்கிறது என்பதைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை. நிறத்துக்காக வாங்கப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் கேளுங்கள்: தாயும் தந்தையும் இரண்டுமே அந்தப் புள்ளி நிறமா? மெர்ல் எனப்படும் அந்த நிறத்தில் இரண்டைச் சேர்த்தால், சராசரியாக நாலில் ஒரு குட்டிக்கு அந்த மரபணு இரண்டு பக்கமிருந்தும் வரும். அந்தக் குட்டிகளுக்குக் காதோ கண்ணோ பாதிக்கப்படும் வாய்ப்பு அதிகம். அப்படிச் சேர்த்து விற்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

குணத்தைத் தெரிந்துகொள்ளப் பெற்றோரைப் பாருங்கள். இன்றைய பார்டர் கோலிகளின் பாட்டன் என்று சொல்லப்படும் ஓல்ட் ஹெம்ப், 1893இல் இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்தது. அப்பா ராய், கலகலப்பான சுபாவம், மந்தையை அடக்கும் பார்வை குறைவு. அம்மா மெக், கூச்சம் அதிகம், பார்வையோ ஆட்டைக் கட்டிப்போட்டுவிடும். இரண்டும் சரியாகக் கலந்ததால்தான் ஹெம்ப். அந்தக் கலவை எல்லாக் குட்டியிலும் சரியாக விழாது. சிலதில் மெக் மட்டும் வந்து உட்கார்ந்துகொள்ளும். தாய் நாய் அந்நியரைக் கண்டு மூலையில் ஒடுங்கினால் யோசியுங்கள்.

கேள்வி: இடி இடித்தால் நடுங்குகிறது. அணைத்துக்கொண்டால் பயம் அதிகமாகும் என்கிறார்களே?

பதில்: ஆகாது. பயம் ஓர் உணர்ச்சி, ஆறுதல் கொடுத்தால் அது வளராது. பக்கத்தில் வந்தால் இடம் கொடுங்கள், தனியாக ஒதுங்கினால் விட்டுவிடுங்கள். வாயில் நுரை தள்ளும் அளவு பயம் என்றால் மருந்துகள் இருக்கின்றன, மருத்துவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். வயதான நாய்க்குத் திடீரென்று சத்த பயம் வந்தால் எங்காவது வலி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சுவரில் விழும் நிழலையும் வெளிச்சத்தையும் மணிக்கணக்கில் துரத்துகிறது. பார்க்க வேடிக்கையாக இருக்கிறது, விடலாமா?

பதில்: இன்றைக்கே நிறுத்துங்கள். வேலை கிடைக்காத கண்ணுக்கு நிழல் ஆடாகிவிட்டது. பிடிக்கவே முடியாத ஆடு என்பதால் ஆட்டத்துக்கு முடிவே இல்லை. லேசர் விளக்கு வைத்து விளையாட்டுக் காட்டியிருந்தால் தூக்கி எறியுங்கள். திரையைச் சாத்துங்கள், திட்டாமல் வேறு வேலைக்குத் திருப்புங்கள். கூப்பிட்டாலும் திரும்பாத அளவு போயிருந்தால் சீக்கிரம் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: வயதானால் அடங்கிவிடுமா அக்கா?

பதில்: மூன்று வயதில் கொஞ்சம் நிதானம் வரும். உடம்பு தளர்ந்த பிறகும் கண் அடங்காது. நீலி இப்போதும் கூடத்து வாசலில்தான் படுப்பாள், யார் உள்ளே, யார் வெளியே என்று கணக்கு வைக்க வசதியாக. காது கேட்பது நின்று ஒரு வருடம் ஆகிறது. அதனால் ஒரே ஒரு யோசனை: எல்லாக் கட்டளைக்கும் குட்டியிலேயே கைச்சைகையும் சேர்த்துப் பழக்குங்கள். ராத்திரி எல்லோரும் வீட்டுக்கு வந்த பிறகு நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டுகிறேன். அதன் பிறகுதான் எழுந்து தன் பாய்க்குப் போகிறாள்.